ஞாயிற்றுக்கிழமை நாலு மணிச் செய்தி

இடால்பெர்த்தோ சவியானோவைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் இரண்டு சொல்வேன். அவன் மகள் மார்லெனிஸுக்கு நான் ஞானத்தகப்பன். எங்கள் தெருவில் தொலைபேசி இருக்கிற ஒரே வீடு என்னுடையது. மூன்றாவதாக ஒன்று உண்டு. அது தகுதி அல்ல, நான் செய்த காரியம். அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

என் பெயர் ஒனேலியோ. முப்பத்திரண்டு வருடம் இந்த பிளாசெத்தாஸ் ஊரில் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கியவன். வேலையை விட்டபோது கம்பி இணைப்பை மட்டும் என்னிடமே விட்டுவைத்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்குக் காரணம் கேட்காதீர்கள். தெருவில் யாருக்கு வெளியூர் அழைப்பு வந்தாலும் என் முன்னறையில்தான் வந்து நின்று பேசுவார்கள். கருவி பழையது. அந்தப் பக்கம் பேசுகிறவரின் குரல் காதில் ஒட்டியிருக்கிற கருவியைத் தாண்டி அறை முழுக்கக் கேட்கும். நான் சமையலறையில் இருந்தாலும் கேட்கும். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் குறை சொல்லக் கூடாது. கேட்காமல் இருக்க வேண்டுமென்றால் நான் வீட்டை விட்டே போக வேண்டும்.

இடால்பெர்த்தோ சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடுகிற வேலை பார்த்தான். வண்டிக்காரர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் முள் காட்டியதைத்தான் எழுதுவான். அந்தப் பிடிவாதம் பூங்காவில் கூடுகிற கூட்டத்திலும் அவனுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது. அவன் மனைவி நெரெய்தா இறந்தபோது மார்லெனிஸுக்கு ஒன்பது வயது. பெண் குழந்தையைத் தனியாக வளர்ப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்ததைச் செய்தான். ஞாயிற்றுக்கிழமை லாரி பிடித்து சாந்தா கிளாராவுக்குப் போய் அவளை மைதானத்தில் உட்கார வைப்பான். மற்ற நாட்களில் வானொலியைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் அதன் எதிரில் சாப்பிடுவார்கள். அவளுக்கு பேஸ்பால் மீது துளிகூட ஆசை கிடையாது.

ஒருநாள் நான் கேட்டேன்: "கொம்பாத்ரே, நீயும் அவளும் வீட்டுல என்னதான் பேசிக்குவீங்க?" ஞானத்தகப்பனும் தகப்பனும் எங்களூரில் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஏன், அதான் ஆட்டம் ஓடுதே" என்றான்.

எங்கள் பூங்காவில் காலை பத்து மணிக்கு லாரல் மரத்தடியில் கூட்டம் சேரும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் வெட்டுக்குத்து நடக்கப் போகிறது என்று நினைப்பார்கள். முப்பது ஆண்கள் ஒருவன் மூக்குக்கு நேராக இன்னொருவன் விரலை ஆட்டிக் கத்திக்கொண்டிருப்பார்கள். பேச்சு பேஸ்பால்தான், வேறு எதுவும் கிடையாது. அங்கே சட்டம் ஒன்றுதான். செய்தி கொண்டுவருகிறவன் அது எங்கே கிடைத்தது என்று முதலில் சொல்ல வேண்டும். வானொலி, பத்திரிகை, சாந்தா கிளாராவிலிருந்து வருகிற பஸ் டிரைவர், எதுவானாலும் சரி. செய்தி பொய் என்று தெரிந்தால் கொண்டுவந்தவன் 'பெஞ்சுக்கு'ப் போக வேண்டும். மரத்துக்கு எதிரே ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறது. ஒரு மாதம் அதில் உட்கார்ந்து கேட்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்களும் அவனோடு பேசக் கூடாது. சரியா தவறா என்று தீர்ப்பு சொல்கிறவர் பலென்சுவேலா. முடிவெட்டுகிறவர், ஒரு கால் விந்தும், தொண்டை மட்டும் விந்தாது.

இதில் ஒரு சிக்கல். எங்கள் மாகாண அணியில் பாதிப் பேர் இங்கே இருக்கிறார்கள், பாதிப் பேர் கடல் தாண்டி வடக்கே போய்விட்டார்கள். போனவர்களின் பெயர் அரசாங்கத்துக்குப் பிடிக்காது, அதனால் அவர்களைப் பற்றிப் பத்திரிகை எழுதாது, வானொலி சொல்லாது. எங்கள் அணியின் பெரிய அடிக்காரன் எவெலியோ கர்த்தாயா போனதை நாங்கள் தெரிந்துகொண்ட விதம் எப்படி என்றால், அணி மெக்சிகோவுக்கு ஆடப் போயிருந்தது. ஆட்டக்காரர்கள் வரிசையை வானொலியில் வாசித்தார்கள். மூன்றாவது இடத்தில் ஏழு வருடமாக கர்த்தாயா பெயர்தான் வரும். அன்று வேறு பெயர் வந்தது. வாசித்தவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இடால்பெர்த்தோ வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "போயிட்டான்" என்றான். அவ்வளவுதான். கர்த்தாயாவின் அம்மாவும் தம்பியும் அடுத்த வருடமே பின்னால் போனார்கள்.

போனாலும் அவன் எங்கள் ஆள். அவன் அங்கே பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே இருக்கிற ஏதோ அணியில் ஆடினான். அவன் எத்தனை அடித்தான், யார் பந்தை அடித்தான் என்று தெரியாமல் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வெளிநாட்டு வானொலியைத் திருகினால் இரைச்சல்தான் வரும். அந்த நேரத்தில்தான் மார்லெனிஸுக்கும் அவள் புருஷன் ரொலாண்டோவுக்கும் விசா குலுக்கலில் பெயர் விழுந்தது. கடலுக்கு அந்தக் கரையில் இருக்கிற ஹயலியாவில் போய் இறங்கினார்கள். அங்கே நம் ஆட்கள் நடத்துகிற பத்திரிகையில் கர்த்தாயாவைப் பற்றி ஒரு மூலையில் நாலு வரி வருமாம். ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு அவள் என் வீட்டுக்கு போன் செய்வாள், அப்பாவுக்கு அதைச் சொல்வாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு இடால்பெர்த்தோ மரத்தடிக்கு வந்து தொப்பியைக் கழற்றுவான். கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள்.

"எங்கேருந்து?" என்பார் பலென்சுவேலா.

"போன்" என்பான்.

வாரத்தில் அவன் சந்தோஷமாக இருக்கிற நேரம் அது. மற்ற நேரத்தில் அவனுக்கு வீடு, ஒரு நாற்காலி, ஒரு தட்டு. நான் வாய் திறந்து சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. போன் என்னுடையது, பேசுகிற பெண் என் ஞானமகள், செய்தி என் முன்னறையில் வந்து விழுகிறது. ஆனால் மரத்தடியில் என்னை ஒருவனும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவர்கள் பேசுவது ஐந்து நிமிடம். அதைப் பேச்சு என்று சொல்ல முடியுமா தெரியவில்லை.

"அப்பா, செவ்வாய்க்கிழமை நாலு தடவை ஆடி ரெண்டு அடி. ஒண்ணு ஹோம் ரன்."

"எந்தப் பக்கம் போச்சு?"

"இடது பக்கம்."

"வியாழன்?"

"நாலுக்கு ஒண்ணு."

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்ப்பா. வெள்ளிக்கிழமை மழை, ஆட்டம் நின்னுபோச்சு."

குளிர்காலத்தில் இங்கே எங்கள் லீக் நடக்கும். அப்போது அவன் சொல்வான், அவள் "அப்படியா, அப்படியா" என்பாள். நடுவில் அக்டோபர் மாதம் அங்கேயும் ஆட்டம் இல்லை, இங்கேயும் இல்லை. அந்த மாதம் அழைப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். சில ஞாயிறு வரவே வராது. அவன் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை என் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, "வேலை இருந்திருக்கும்" என்று சொல்லிப் போய்விடுவான்.

அவள் போன மூன்றாவது கோடையில் கர்த்தாயா பேயாட்டம் ஆடினான். ஏப்ரலில் ஆறு ஹோம் ரன், மே மாதம் எட்டு. ஆகஸ்டு பிறந்தபோது முப்பத்தொன்று. மரத்தடியில் திருவிழாதான். பலென்சுவேலா தன் கடைச் சுவரில் தேதிவாரியாக எழுதி வைத்தார். பந்து வீசியவர்கள் பெயர்தான் கொஞ்சம் உறுத்தியது. வாரத்துக்கு வாரம் ஜான்சன் அல்லது ஸ்மித். "அந்த ஜான்சன் வீட்டுல எல்லாருமே பந்து வீசுறவங்க போல" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். நாங்கள் கேட்க ஆசைப்பட்டதைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், யார் சந்தேகப்படுவார்கள்?

ஜூலையில் எனக்கும் இடால்பெர்த்தோவுக்கும் சண்டை வந்தது. எழுபத்திரண்டாம் வருட இறுதி ஆட்டத்தில் கடைசி ஆளை அவுட்டாக்கியது யார் என்று. நான் ஒரு பெயர் சொன்னேன். அவன் எல்லார் முன்னாலும், "கொம்பாத்ரே, நீ அன்னிக்குக் கம்பத்துல தொங்கிட்டு இருந்திருப்ப" என்றான். கூட்டம் சிரித்தது. அவன் சொன்னதுதான் சரி. நான் ஒரு மாதம் பெஞ்சில் உட்கார்ந்தேன். சிமெண்டு காலையிலேயே சுடும். அந்த ஒரு மாதமும் ஞாயிறு தவறாமல் அவன் என் வீட்டில், என் போனில், எதுவும் நடக்காததுபோலப் பேசிவிட்டுப் போனான்.

ஆகஸ்டில், என் பெஞ்சு மாதம் முடிந்த பிறகு, என் ஒன்றுவிட்ட தங்கை ஹயலியாவிலிருந்து வந்தாள். எனக்கு ஆறு கண்ணாடி டம்ளர் கொண்டுவந்தாள், உடையாமல் இருக்கப் பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்தாள். அவள் போன பிறகு தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்து விரித்தேன். எங்கள் ஊரில் அப்படி வருகிற தாளை யாரும் படிக்காமல் எறிய மாட்டார்கள். நாலாவது டம்ளரைச் சுற்றியிருந்த தாளில் ஜூன் மாதத் தேதி. கீழ் மூலையில் சின்ன எழுத்தில் எவெலியோ கர்த்தாயா பெயர். மார்ச் மாதம் பயிற்சியில் மணிக்கட்டு முறிந்தது, அறுவை நடந்தது, இந்த வருடம் அவர் ஒரு ஆட்டமும் ஆட மாட்டார்.

மூன்று முறை படித்தேன். என் மனத்தில் முதலில் வந்தது மார்லெனிஸ் இல்லை. அவள் ஏன் இப்படிச் சொன்னாள், அவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு ஞானத்தகப்பனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது, நாளைக்குத் திங்கட்கிழமை, கடைசியில் என்னிடம் ஒரு செய்தி இருக்கிறது என்பதுதான். நான் முன்னே சொன்ன மூன்றாவது விஷயம் இது.

மறுநாள் இடால்பெர்த்தோ தொப்பியைக் கழற்றினான். "முப்பத்திரண்டு" என்றான். கைதட்டினார்கள். நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து பலென்சுவேலாவிடம் கொடுத்தேன்.

"எங்கேருந்து?"

"பத்திரிகை. அங்கத்துப் பத்திரிகை."

அவர் உரக்க வாசித்தார். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

"மணிக்கட்டு ஒடஞ்சவன் முப்பத்திரண்டு அடிச்சானா? இடது கையால அடிச்சானோ?"

"ஏய் சவியானோ, மழையால ஆட்டம் நின்னுச்சுன்னியே, அந்த மழையாவது பெஞ்சுதா?"

"யாரு அடிச்சது அத்தனையும்? உன் பொண்ணு அடிச்சாளா?"

இடால்பெர்த்தோ தாளை வாங்கிப் பார்த்தான். தேதியைப் பார்த்தான். எனக்கு அவனைத் தெரியும், அவன் ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு ஞாயிறாக மனசுக்குள் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளுத்துப்போனது பொய் பிடிபட்டதால் அல்ல. அவள் ஹயலியாவில் இருந்தால் அந்தப் பத்திரிகை கையில் கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை என்றால் அவள் அங்கே இல்லை. இது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

பலென்சுவேலா கேட்டார்: "உன் பொண்ணு உங்கிட்ட பொய் சொல்லியிருக்கா. அப்படித்தானே? அப்படீன்னா தப்பு உன்னுதில்ல. சொல்லு, விட்டுடுறோம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவன் தாளை மடித்து என்னிடம் நீட்டினான்.

"அவ ஒண்ணும் சொல்லல. பாவம், அவ போன்ல உடம்பு எப்படிருக்கு, சாப்பிட்டியான்னுதான் கேப்பா. கர்த்தாயா கதையெல்லாம் நான் கட்டினது. நீங்க எல்லாரும் ஆசையா கேட்டீங்க, சொன்னேன்."

இருபது வருடம் ஒரு முள்ளைக்கூடத் தள்ளி எழுதாதவன் இதைச் சொன்னான். அந்தப் போனில் வந்த ஒவ்வொரு சொல்லையும் கேட்டவன் நான். எழுந்து, அவன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லியிருக்கலாம். அவன் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். ஒரு செய்திக்கு ஒரு மாதம் என்றால் முழு சீசனுக்கு எவ்வளவு என்று கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. மூன்று மாதம் என்று பலென்சுவேலா முடித்தார். அன்று மாலையே கடைச் சுவருக்கு வெள்ளையடித்தார்.

அவன் வராமல் இருந்துவிடுவான் என்று நினைத்தேன். வந்தான். தினமும் பத்து மணிக்கு வந்து, பெஞ்சின் ஓரத்தில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தான். வேறு எங்கே போவான்? சட்டம் மரத்தடிக்கு மட்டும்தான். ஆனால் ரொட்டிக் கடை வரிசையிலும் ஆட்கள் அவனைப் பார்த்தால் எதையோ தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டார்கள். பொய்யன் என்று வெறுத்து அல்ல. அந்தக் கோடை முழுக்க அவ்வளவு சந்தோஷப்பட்டதை நினைத்தால் அவர்களுக்கே கூச்சமாக இருந்தது. என்னோடு மட்டும் அவன் ஞாயிற்றுக்கிழமை பேசியாக வேண்டும், போன் என் வீட்டில் இருக்கிறதே.

அந்த ஞாயிறு மூன்றரைக்கே வந்துவிட்டான். நான் காபி வைத்தேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக அதில் இரண்டு கரண்டி சர்க்கரை கூடப் போட்டேன்.

"எங்க இருக்கான்னு கேளு கொம்பாத்ரே" என்றேன். "இன்னிக்கே கேட்டுரு."

"கேட்டா?"

"கேட்டா சொல்லுவா."

"கேட்டா, அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு ஆயிரும். அப்புறம் அடுத்த ஞாயிறு எதைச் சொல்லிக்கிட்டு போன் பண்ணுவா? அவளுக்கு என்கிட்ட சொல்ல வேற என்ன இருக்கு? ஒம்பது வயசுலேருந்து அவகிட்ட நான் வேற எதைப் பேசியிருக்கேன், நீயே சொல்லு." காபியைத் தொடவில்லை. "அக்டோபர் பாத்திருக்கேல்ல நீ. மீதி மாசமும் எனக்கு அக்டோபர் ஆயிரும்."

நாலு மணிக்கு மணி அடித்தது.

"அப்பா, கர்த்தாயா வியாழக்கிழமை ரெண்டு அடிச்சான்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "ரெண்டா? யாரு பந்துல?"

"வந்து... ஜான்சன்."

"இடது கைக்காரனா இருப்பான்."

"ஆமாப்பா. இடது கை."

"அதான பாத்தேன். இடது கைன்னா நம்மாளு விடமாட்டானே. வெளியூர்ல ஆடினாங்களா?"

"ஆமா, வெளியூர். ரொம்பக் கூட்டம்."

அவள் தடுமாறுகிற இடத்திலெல்லாம் அவன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அவளுக்குத் தெரியாத விதிகளைக் கேள்வியாகவே சொல்லிக் கொடுத்தான். நான் சமையலறையில் நின்று கேட்டேன். கேட்கப் பொறுக்காமல் கொல்லைப்புறம் போனேன், அங்கேயும் கேட்டது. ஐந்து நிமிடம் முடிந்து கருவியை வைத்துவிட்டு வந்து, "இதை நீ வெளியில சொன்னா நமக்குள்ள கொம்பாத்ரே உறவு கிடையாது. சவியானோ மகள் பொய் சொல்லிட்டான்னு இந்த ஊர் பேசக் கூடாது" என்றான். சரி என்றேன். சரி என்பதைத் தவிர என்னிடம் என்ன இருந்தது?

இப்படியே செப்டம்பர் வந்தது. அந்தக் கீழ் லீக் ஆட்டங்கள் செப்டம்பர் முதல் வாரத்தில் முடிந்துவிடும். முந்தின இரண்டு வருடமும் புருஷன் ரொலாண்டோதான் பத்திரிகையை வாசித்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான், அப்போது செப்டம்பர் பத்தாம் தேதிக்குள் 'முடிஞ்சுபோச்சு அப்பா' என்று சொல்லிவிடுவாள். அந்த வருடம் முடியவில்லை. செப்டம்பர் பதிமூன்றாம் தேதி கர்த்தாயா மூன்று அடித்தான். இருபதாம் தேதி ஒன்று அடித்தான். இருபத்தேழாம் தேதி பன்னிரண்டு இன்னிங்ஸ் ஆட்டம். அக்டோபர் நாலாம் தேதி, கால் இறுதி என்றாள். பதினொன்றாம் தேதி, அந்தக் கால் இறுதியே இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி என்றாள். எல்லா மைதானத்திலும் ஆட்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போய் ஐந்து வாரமாயிற்று. என் ஞானமகளின் மைதானத்தில் மட்டும் கர்த்தாயா தனியாக நின்று அடித்துக்கொண்டே இருந்தான்.

இடால்பெர்த்தோ கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் ஏன் முடிக்க மாட்டேன் என்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவன் முதுகைப் பார்த்தே தெரிந்தது. அக்டோபரைப் பார்த்து இந்த முனையில் ஒருத்தன் பயந்துகொண்டிருந்த மாதிரியே அந்த முனையில் அவளும் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மாடி" என்றான். "சீசன் முடிஞ்சு அஞ்சு வாரம் ஆச்சும்மா."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் பழைய பழக்கத்தில் கம்பியைப் பார்த்தேன்.

"எப்பலேருந்து தெரியும்ப்பா?"

"ஆகஸ்டுலேருந்து."

"ஆகஸ்டுலேருந்தா? அப்புறம் ஏன் கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

"நீ சொல்லிக்கிட்டே இருந்தியேம்மா." பிறகு, "எங்க இருக்க?" என்றான்.

வட டகோட்டா என்றாள். அது எங்கே என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "ரொம்ப மேலப்பா. இப்பவே பனி விழுது." ரொலாண்டோ மார்ச்சில் வேறொருத்தியோடு போய்விட்டானாம். வாடகை கட்ட முடியாமல், கோயிலில் பழக்கமான ஒருத்தி கூப்பிட்டாளென்று நெடுஞ்சாலை ஓரத்து விடுதியொன்றில் அறை துடைக்கிற வேலைக்குப் போனாளாம். கூப்பிட்டவள் ஜூனில் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"பக்கத்துல யாரு இருக்கா உனக்கு?"

"யாருமில்லப்பா. வாரம் பூரா நான் நம்ம பாஷை பேசுறது இந்த அஞ்சு நிமிஷந்தான்." அவள் அழவில்லை. வேலைக்கு வந்த இடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். "காலையில ஒரு அறை துடைக்கும்போது ஒரு இன்னிங்ஸ். அடுத்த அறையில அடுத்த இன்னிங்ஸ். அவன் அடிச்சானா இல்லையான்னு நான் யோசிச்சுக்கிட்டே இருப்பேன். யாரும் என்கிட்ட பேசமாட்டாங்கல்ல, பொழுது போகும். ஞாயித்துக்கிழமை உங்களுக்குச் சொல்லணுமே. உங்களுக்கு சந்தோஷமா இருக்கணும்னு அவனை நிறைய அடிக்க வெச்சேன். தப்பாப்பா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய போன் கார்டில் காசு தீர்ந்துவிட்டது. கருவியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான். நானாகப் போய் அதை வாங்கி வைத்தேன்.

அப்போதுதான் அவனிடம் சொன்னேன், நான் அந்தத் தாளைப் பொறாமையில்தான் கொண்டுவந்தேன், உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்துப் பார்க்கத்தான் கொண்டுவந்தேன் என்று. அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"கொம்பாத்ரே" என்றான். "ஒரு பொண்ணுகிட்ட என்ன கேக்கணும்?"

"என்ன?"

"அடுத்த ஞாயிறு. ஆட்டம் கெடையாது. நான் அவகிட்ட என்ன கேக்கணும்? மத்தவங்க எல்லாம் இங்க வந்து மணிக்கணக்கா பேசுறாங்களே, நீ கேட்டிருப்பியே. அவங்க என்ன கேக்குறாங்க?"

எனக்குப் பிள்ளை இல்லை. எனக்கு எந்த ஞாயிறும் யாரும் போன் செய்ததில்லை. இத்தனை வருடம் அந்த அறையில் எத்தனையோ அம்மாக்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இரண்டு கிழவர்களும் இருட்டும்வரை உட்கார்ந்து மூளையைக் கசக்கினோம். என்ன சாப்பிட்டாய் என்று கேட்கலாம் என்றான் அவன். குளிருக்குப் போர்த்த என்ன இருக்கிறது என்று கேள் என்றேன் நான். ஜன்னலில் என்ன தெரிகிறது, தலைவலி வருகிறதா. மொத்தம் நாலு கேள்வி தேறியது. அவன் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு போனான்.

அந்த வாரமும் தினமும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மரத்தடியில் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மணி அடிக்கவில்லை. நாலேகால். நாலரை. அவன் "வேலை இருந்திருக்கும்" என்று சொல்லவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அடித்தது. எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"என்ன சாப்பிட்ட?" என்றான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"முட்டை" என்றாள் மார்லெனிஸ்.

"போத்திக்க என்ன இருக்கு?"

"விடுதிப் போர்வை ஒண்ணு தந்தாங்க."

"ஜன்னல்ல என்ன தெரியுது?"

"ரோடுப்பா. லாரி போகுது."

"தலைவலி வருதா?"

"இல்லப்பா."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நாலும் முடிந்துவிட்டது. அவன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். என்னிடமும் ஐந்தாவது இல்லை. அவளுக்கும் கேட்க ஒன்றும் வரவில்லை. சரி, வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேரும் வைக்கவில்லை. கார்டு தீருகிறவரை அவர்கள் இருவரும் மூச்சு விடுவது என் அறையில் கேட்டுக்கொண்டிருந்தது.